துருவை மட்டும் எடுங்கள்

மெருகேற்றிய இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு உப்புநீரை விட்டுவிட்டுச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். சொட்டின் விளிம்பில்தான் காற்று நன்றாகப் படுகிறது; அதனால் இரும்பு அங்கேதான் முதலில் அரிக்கப்படும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. இரும்பு கரைவது சொட்டின் நடுவில். விளிம்பு பளபளப்பு குறையாமல் இருக்கும். இரண்டுக்கும் இடையே பழுப்பு வளையம் ஒன்று படியும். கேம்பிரிட்ஜில் பணியாற்றிய யூலிக் எவன்ஸ் 1920களில் செய்துகாட்டிய சோதனை இது. துரு பற்றிய நவீன அறிவியலுக்கு அடித்தளம் போட்டவர் அவர்.

விளிம்பில் ஆக்சிஜன் தாராளம், நடுவில் பஞ்சம். இந்த ஏற்றத்தாழ்வு அந்தச் சொட்டை ஒரு மின்கலமாக மாற்றிவிடுகிறது. நடுவில் உள்ள இரும்பு அணுக்கள் எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகின்றன. அந்த எலெக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே விளிம்புக்கு ஓடி, அங்கே ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்ந்து ஹைட்ராக்சைடு அயனிகளாகின்றன. கரைந்த இரும்பும் ஹைட்ராக்சைடும் சந்திக்கும் இடத்தில் துரு படிகிறது. உப்பு இந்த மின்னோட்டத்துக்கு வழியை எளிதாக்கிக் கொடுக்கிறது. கடலோர ஊர்களில் சைக்கிள் சீக்கிரம் கெடுவது இதனால்தான்.

பழைய சைக்கிளையோ உளியையோ மீட்டெடுக்க உட்காருகிறவர் முதலில் மனத்தில் வைக்க வேண்டிய செய்தி இதற்குள் இருக்கிறது. துரு கண்ணுக்குத் தெரிகிற இடமும் இரும்பு உண்மையில் அரிபட்ட இடமும் பல நேரங்களில் ஒன்றாக இருப்பதில்லை. மட்கார்டின் மேற்புறம் முழுக்கச் சிவந்திருந்தாலும் தகடு உறுதியாக இருக்கலாம். ஈரம் தேங்கி, காற்று புகாமல் கிடக்கும் இடுக்குகளைத்தான் சந்தேகப்பட வேண்டும்: மட்கார்டின் உள்மடிப்பு, சீட் பில்லர் இறங்கும் குழாய், ரிம்மின் உட்பக்கம், பெயின்ட் கொப்பளித்து நிற்கும் இடம். கொப்பளத்தை ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். முனை உள்ளே போனால் அந்தப் பாகத்தின் கதை முடிந்தது. போகவில்லை என்றால் மீட்டுவிடலாம்.

பொழுதுபோக்காகத் தொடங்குவதற்கு நம் ஊரில் 28 அங்குல சைக்கிளைவிடச் சிறந்த பொருள் இல்லை என்பது என் கருத்து. நாட்டிங்காமிலும் பர்மிங்காமிலும் உருவான வடிவம் அது. 1949-இல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டு, ஹெர்குலிஸ் இங்கேயே தயாராக ஆரம்பித்தது. வங்காளத்து அசன்சோலில் சென்-ராலே நிறுவனம் சைக்கிள் செய்தது. கம்பி பிரேக், காட்டர் பின், செயின் கவர், கேரியர் என்று ஒவ்வொரு பாகமும் சாதாரண ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும் கட்டுப்படுகிற மாதிரி அமைக்கப்பட்டது. தேய்ந்தால் மாற்றலாம், வளைந்தால் நிமிர்த்தலாம். அரை நூற்றாண்டு கழித்தும் அதைப் பிரித்துப் பூட்ட முடிவதற்கு இதுதான் காரணம்.

பிரிப்பதில்தான் பொறுமை தேவை. இரும்பு துருவாக மாறும்போது அது அடைக்கும் இடம் இரண்டு மடங்குக்கு மேல் பெருகுகிறது. நீரேறிய துரு ஆறு மடங்கு வரைகூட உப்பும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் இடையே உள்ள மெல்லிய இடைவெளியில் அது உப்பினால், நட்டு இறுகிப் போகாமல் என்ன செய்யும்? அப்போது பலத்தைக் காட்டினால் உடைவது போல்ட்தான். ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓர் இரவு காத்திருங்கள். துருவில் உள்ள நுண்துளைகள் வழியே நுண்புழைக் கவர்ச்சியால் எண்ணெய் தானே உள்ளே ஏறும். பலரும் இதற்கு டபிள்யூடி-40 வாங்குகிறார்கள். 1953-இல் சான் டியாகோவில், அட்லஸ் ஏவுகணையின் வெளித்தோலில் ஈரம் தங்காமல் காப்பதற்காக உருவாக்கப்பட்டது அது. நீரை விரட்டுவது அதன் வேலை. இறுகிய நட்டுக்கு ஓரளவு உதவும்; ஆனால் பால்ரஸுக்கு அதையே மசகாக நம்பி விட்டுவிடக் கூடாது.

எண்ணெய்க்கு மசியாத நட்டைச் சூடாக்கலாம். இரும்பு போல்ட்டின் மேல் இரும்பு நட்டு என்றால் நட்டை மட்டும் சூடாக்குங்கள். அது விரிந்து பிடி தளரும். ஆனால் இரும்புக் குழாய்க்குள் அலுமினிய சீட் பில்லர் சிக்கியிருந்தால் கணக்கு தலைகீழாகிறது. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். சூடாக்கினால் இன்னும் இறுகும். குளிர வைத்தால்தான் தளரும். இரண்டு வெவ்வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அங்கேயும் ஒரு மின்கலம் உருவாகி அலுமினியம் அரிபடும். அந்த வெள்ளைத் தூள்தான் பில்லரைச் சிக்கவைக்கிறது. மறுபடி பூட்டும்போது கொஞ்சம் கிரீஸ் தடவிவிட்டால் இந்தத் தொல்லை வராது.

இடப்பக்கப் பெடல் வலப்பக்கமாகத் திருப்பினால்தான் கழலும் என்பது சைக்கிள் கடைப் பையன்கள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடம். மிதிக்கும்போது பெடல் அச்சு தன் துளைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் உருண்டு, தன் மரையைத் தானே கழற்றப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் இடப்பக்கத்தில் எதிர்மரை. விமானத்துக்கு முன்பு சைக்கிள் செய்து விற்ற ரைட் சகோதரர்கள் 1900-இல் இந்த ஏற்பாட்டைத் தங்கள் சைக்கிளின் சிறப்பாக விளம்பரப்படுத்தினார்கள். கிராங்கை அச்சில் பூட்டும் காட்டர் பின் இன்னொரு சோதனை. அது ஆப்பு வடிவம். கிராங்கின் அடியில் கனமான இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து நிறுத்தாமல் சுத்தியலால் அடித்தால், அடியின் விசை முழுவதும் பால்ரஸ் கப்புக்குப் போய் அதில் தழும்பு விழும். பின்னின் மரைமுனையும் நசுங்கும். முட்டுக் கொடுத்தால் நறுக்கென்று ஓரிரு அடி போதும்.

இனி துருவுக்கு வருவோம். துரு எல்லாம் ஒரே சரக்கல்ல. செம்பழுப்பாக, விரலில் ஒட்டும் துரு நீரேறிய ஆக்சைடு. அது ஈரத்தை உறிஞ்சிவைத்து மேலும் அரிக்கும். அதற்கு அடியில் சில இடங்களில் கருப்பாக, இரும்போடு இறுகப் பிடித்த ஒரு படலம் இருக்கும். அது மேக்னடைட். இடைவெளியில்லாமல் படிந்த மேக்னடைட் இரும்புக்குக் காப்பாகிறது. கிரைண்டரையும் கம்பிச் சக்கரத்தையும் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் வெள்ளி போலத் தேய்த்துவிடுகிறவர்கள் பகையோடு காவலையும் சேர்த்து அழிக்கிறார்கள். நல்ல இரும்பும் கூடவே போகிறது. துருவை மட்டும் எடு, உலோகத்தைத் தொடாதே: இந்தப் பொழுதுபோக்கின் அறிவியல் முழுவதும் இதற்குள் அடங்கிவிடும்.

அமிலங்கள் அதற்கு உதவுகின்றன. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கும் வீடுகளுக்கு இந்த வேதியியல் புதிதல்ல. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் ஆக்சைடைக் கரைக்கிறது. கரைந்த உலோக அயனியைக் கவ்விப் பிடித்து மறுபடி படியாமல் வைத்துக்கொள்கிறது. சிட்ரிக் அமிலமும் அதே குணம் கொண்டது, விலையும் குறைவு. லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் போட்டு, துருப்பிடித்த ஸ்பேனர்களை அதில் ஊறவைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்துப் பாருங்கள். துரு தீர்ந்தபின்னும் ஊறவிட்டால் அமிலம் நல்ல இரும்பைத் தின்னத் தொடங்கும். ஆகவே மறந்துவிடக் கூடாது.

சைக்கிள் பிரேமுக்கும் குரோம் பாகங்களுக்கும் ஆக்சாலிக் அமிலம் பொருத்தமானது. இரும்பு ஆக்சைடைக் கரையும் சேர்மமாக மாற்றி எடுத்துவிடும். பெயின்ட்டைப் பெரும்பாலும் தொடுவதில்லை. ஆனால் அது நஞ்சு. உடம்புக்குள் போனால் கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாகப் படியும். கையுறை, முகக்கவசம் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். குழந்தைகள் நடமாடும் இடத்தில் வாளியை வைக்காதீர்கள். எந்த அமிலத்திலிருந்து எடுத்தாலும் சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, வெயிலிலோ சூடான காற்றிலோ உடனே உலர்த்தி, எண்ணெய் தடவிவிட வேண்டும். அமிலத்தில் குளித்த இரும்புக்கு மேல்தோலே இல்லை. சில நிமிடங்களிலேயே அது மறுபடி சிவக்கும்.

குரோம் ஹேண்டில்பாரில் தெரியும் துருப்புள்ளிகள் குரோமின் துரு அல்ல. அலங்கார முலாமில் மேலே இருக்கும் குரோம் அடுக்கு ஒரு மைக்ரானைவிட மெல்லியது. அதற்கு அடியில் நிக்கல் இருக்கிறது. காப்பின் பெரும்பகுதி அதனுடையது. இரண்டிலும் உள்ள நுண்துளைகள் வழியே அடியில் உள்ள இரும்பு அழுகி வெளியே வழிகிறது. இங்கே மணல்தாள் போட்டால் இருக்கிற குரோமும் போய்விடும். சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே போதும். அலுமினியம் குரோமைவிட எவ்வளவோ மென்மையானது. துருவை எடுக்கும், குரோமில் கீறல் போடாது. பிறகு மெழுகு பூசினால் அந்தத் துளைகள் அடைபடும்.

மின்பகுப்பு முறை எனக்கு மிகப் பிடித்தது, ஏனென்றால் துரு உண்டான அதே மின்வேதியியலை அது பின்னோக்கி ஓட்டுகிறது. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், அதில் கொஞ்சம் வாஷிங் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த கருவியை எதிர்முனையில் மாட்டுங்கள். வேண்டாத ஓர் இரும்புத் துண்டை நேர்முனையில் மாட்டுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. கருவியின் மேல் ஹைட்ரஜன் குமிழ்கள் கிளம்பித் துருவை உரித்துத் தள்ளும். ஒரு பகுதித் துரு கருப்பு மேக்னடைட்டாக மாறும். நல்ல இரும்பு சிறிதும் கரையாது. முனைகளை மாற்றிக் கொடுத்துவிட்டால் கருவிதான் கரையும். மாட்டும்போது இரண்டு முறை பாருங்கள்.

இதில் மூன்று எச்சரிக்கைகள் உயிருக்கு உரியவை. ஹைட்ரஜன் தீப்பிடிக்கும், வேலையைத் திறந்த வெளியில் வையுங்கள், சார்ஜரை அணைத்த பிறகே கம்பியைக் கழற்றுங்கள். சோடாவுக்குப் பதில் சமையல் உப்பைப் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். நேர்முனையில் எவர்சில்வர் கரண்டியை மாட்டினால் அதில் உள்ள குரோமியம், புற்றுநோய் உண்டாக்கும் வடிவத்தில் தண்ணீரில் கலக்கும். அலுமினியப் பாகத்தையும் அந்த வாளியில் போடாதீர்கள். காரத்தில் அது கரைந்துவிடும்.

சுருள்வில், அரம்பத் தகடு போன்ற மிகக் கடினமான எஃகை அமிலத்திலும் மின்பகுப்பிலும் நெடுநேரம் வைப்பது நல்லதல்ல. உருவாகும் ஹைட்ரஜனில் ஒரு பங்கு அணு அணுவாக எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மை உடையதாக்கும். தோல் சீட்டின் அடியில் உள்ள ஸ்பிரிங்குக்கு எண்ணெயும் நுண்ணிய ஸ்டீல் வுல்லும்தான் சரியான வைத்தியம். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பழைய டிராக்டர் பாகங்களை மொலாசஸ் கரைசலில் வாரக்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். கரும்பாலைக் கழிவுப்பாகு மெதுவாகத் துருவைக் கவ்வி இழுக்கும். நாற்றம் தாங்காது என்பது ஒன்றுதான் குறை.

கருவிகளுக்கு வந்தால், பெரும்பாலான நல்ல உளிகள் பாழாவது துருவால் அல்ல, சாணைக்கல்லால். உளியின் எஃகை உலையில் பழுக்கக் காய்ச்சித் தோய்த்து, பிறகு மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்தியிருப்பார்கள். அந்தப் பதத்தின் அளவை மேற்பரப்பில் தோன்றும் நிறமே சொல்லும்: 230 டிகிரி செல்சியஸ் அருகில் வைக்கோல் மஞ்சள், 260-ஐ ஒட்டிப் பழுப்பு, 300-ஐ நெருங்கும்போது நீலம். சுற்றும் சாணைக்கல்லில் அழுத்திப் பிடித்த உளியின் மெல்லிய முனை சில நொடிகளில் நீலமாகும். நீலமாகிவிட்டால் பதம் இறங்கிவிட்டது என்று பொருள். அந்த இடத்தைத் தேய்த்துக் கழிக்கிற வரை கூர் நிற்காது. விரல் சூடு தாங்கும் வரைதான் பிடிக்க வேண்டும், அடிக்கடி தண்ணீரில் தோய்க்க வேண்டும். கையால் இயக்கும் கல்லும் பொறுமையும் இருந்தால் இந்த ஆபத்தே இல்லை. இரும்பு உடல் கொண்ட இழைப்புளி வார்ப்பிரும்பு. 1860களில் லெனார்ட் பெய்லி என்ற அமெரிக்கர் வகுத்த அமைப்பைத்தான் இன்றைய இரும்பு இழைப்புளிகளும் பின்பற்றுகின்றன. வார்ப்பிரும்பு வளையாது, உடையும். அதைச் சுத்தியலால் தட்டிச் சரிசெய்ய நினைக்காதீர்கள்.

மீட்டெடுக்கும் பொருள்களில் கிரில் அடுப்பும் இதே குடும்பம்தான். 1952-இல் சிகாகோ அருகே ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், தான் வேலை பார்த்த உலோகப் பட்டறையில் செய்துவந்த மிதவைக் கோளத்தை இரண்டாகப் பிரித்து உருண்டை வடிவ வெபர் அடுப்பை உருவாக்கினார். இன்று அமெரிக்காவில் அந்தப் பழைய அடுப்புகளைத் தேடி மீட்பவர்கள் பலர். அவற்றின் உடல் எனாமல் பூசிய எஃகு. எனாமல் என்பது உருகிப் படிந்த கண்ணாடி, அது துருப்பிடிக்காது. மூடியின் உட்புறம் பெயின்ட் உரிவது போலத் தோன்றுவது உண்மையில் கரியும் கொழுப்பும்தான். சுரண்டிவிட்டால் அடியில் எனாமல் நன்றாக இருக்கும். வார்ப்பிரும்புக் கம்பித்தட்டுதான் துருப்பிடிக்கும்.

அதை மீட்கும் வழி நம் வீட்டில் தோசைக்கல்லைப் பழக்கும் வழிதான். துருவை நீக்கி, உலர்த்தி, மிக மெல்லியதாக எண்ணெய் தடவி, புகைகிற வரை சூடாக்குகிறோம். எண்ணெயின் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியான பலபடிப் படலமாகின்றன. நல்லெண்ணெய்க்கு இந்தக் குணம் ஓரளவு உண்டு. ஆளிவிதை எண்ணெய்க்கு மிக அதிகம். தேங்காய் எண்ணெய் பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பு; அது காயாது, படலமும் அமைக்காது. தோசைக்கல்லில் வரமான இந்தப் படலமே சைக்கிள் ஹப்புக்குள் சாபமாகும். தாத்தா காலத்தில் நல்லெண்ணெய் விட்ட ஹப் பிசின் போல இறுகிக் கிடப்பதற்குக் காரணம் இதுதான்.

அப்படி இறுகிய ஹப் செத்துவிட்டதென்று முடிவுகட்ட வேண்டாம். ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனத்தின் ஏடபிள்யூ என்ற மூன்று கியர் ஹப் 1936-இல் வந்தது. உள்ளே நடுப் பல்சக்கரத்தில் 20 பற்கள், வெளிவளையத்தில் 60. அதனால் மேல் கியரில் சக்கரம் 4/3 மடங்கு வேகமாகவும், கீழ் கியரில் 3/4 மடங்காகவும் சுற்றும். பல பத்தாண்டுகள் எங்கோ மூலையில் கிடந்த ஹப்பில் மெல்லிய எண்ணெயை விட்டு ஊறவைத்தால் பெரும்பாலும் மறுபடி ஓடுகிறது. அது தயாரான ஆண்டும் மாதமும் ஹப்பின் மேலேயே பொறித்திருப்பார்கள். சைக்கிளின் வயதை அதிலிருந்து அறியலாம். சாதாரண ஹப் என்றால் பால்ரஸ்களை மொத்தமாக மாற்றிவிடுங்கள். பின்சக்கரத்துக்குக் கால் அங்குலம், முன்சக்கரத்துக்கு 3/16 அங்குலம் வழக்கம். குண்டு கப்பைத் தொடுவது மிகச் சிறிய ஒரு புள்ளியில். உங்கள் எடை முழுவதும் அந்தப் புள்ளிகளில் இறங்குகிறது. குண்டுகள் உருளும் கோனில் சிறு குழி விழுந்திருந்தாலும் அதன் ஓரம் ஒவ்வொரு சுற்றிலும் உடைந்து பெரிதாகும்.

ஆளிவிதை எண்ணெய் மரப்பிடிகளுக்கும் நல்லது. ஆனால் அது காயும்போது வெப்பத்தை வெளியிடும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளேயே ஏறி, தீக்குச்சி இல்லாமலே அது பற்றிக்கொள்ளும். துணியைத் தட்டையாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

பெயின்ட் விஷயத்தில்தான் நான் பலரோடு முரண்படுகிறேன். மீட்டெடுத்தல் என்றதும் எல்லாவற்றையும் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடித்து ஸ்டிக்கர் ஒட்டுவதே நம் ஊர் வழக்கமாகிவிட்டது. பழைய பிரேமில் கையால் இழுத்த தங்கக் கோடும் உலையில் சுட்ட எனாமலும் ஒருமுறை போனால் திரும்பி வராது. சோப்பு நீராலும் கொஞ்சம் டீசலாலும் துடைத்து மெழுகு பூசினால், எழுபது விழுக்காடு பெயின்ட் மிஞ்சியிருக்கும் பிரேம்கூடக் கண்ணியமாகத் தோன்றும். சுரண்டுவதில் இன்னொரு கேடும் உண்டு. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு மிகுதி. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியே இந்தியாவில் 2016-இல்தான் வந்தது. உலர்ந்த நிலையில் தேய்த்து அந்தத் தூளை மூச்சில் இழுக்காதீர்கள்; கட்டாயம் தேய்க்க வேண்டிய இடத்தை நனைத்துத் தேயுங்கள்.

பெயின்ட் போன சிறு திட்டுகளுக்கு ஒரு வழி உண்டு. அருங்காட்சியகங்களில் பழைய இரும்புப் பொருள்களுக்கு டானிக் அமிலம் பூசுவார்கள். அது மிஞ்சிய துருவோடு சேர்ந்து நீலக்கருப்பான இரும்பு டானேட்டாக மாறி இறுகும். கடுக்காயில் டானின் நிறைய உண்டு. இரும்பையும் கடுக்காயையும் சேர்த்துத்தான் கலம்காரித் துணியின் கருப்பு உருவாகிறது. திட்டைக் கருப்பாக்கி மெழுகு பூசுங்கள். கருப்பு பிரேமில் அது தனியாகத் தெரியவே தெரியாது.

இவ்வளவையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. துருப்பிடித்த ஒரு ஸ்பேனர், ஒரு பாத்திரம், 50 கிராம் சிட்ரிக் அமிலம், இவற்றோடு தொடங்கலாம். சைக்கிளைத் தொடும் முன் உங்கள் ஊரில் பழைய ஓவராயில் வேலை தெரிந்த மெக்கானிக் யாரென்று விசாரியுங்கள். காட்டர் பின்னை அரத்தால் ராவிப் பொருத்தவும், கம்பி பிரேக்கை அளவு பார்த்துக் கட்டவும், ரிம்மின் கோட்டத்தைக் கண்ணாலேயே பார்த்து எடுக்கவும் தெரிந்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். அவர்கள் கடைகள் ஒவ்வொன்றாக மூடிவருகின்றன. பாகங்களை அவர்களிடம் வாங்குங்கள், வேலைக்கு உரிய கூலியைக் கொடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். பழைய இரும்புக் கடைக்காரர் உங்கள் தாத்தாவின் சைக்கிளைக் கிலோ கணக்கில் எடைபோடுவதற்கு முன் அதைச் செய்யுங்கள்.